இரும்பு ஏறாத வளையம்

குண்டூசியை எடுத்து இடது அக்குளில் குத்திப் பார்ப்பது தபீதாளுக்கு ஒரு மாதமாகப் பழக்கமாகிவிட்டது. குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு குத்துவாள். வலிக்கும். அப்பாடா என்றிருக்கும். பல் துலக்கி முடிப்பதற்குள் சந்தேகம் வந்துவிடும்: வலித்தது ஊசிக்கா, பயத்துக்கா? மறுபடியும் குத்துவாள். குத்திக் குத்தி அந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொருக்குத் தட்டிப்போய், எது வலி, எது வலியில்லை என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் போனது.

அக்குள் மடிப்பில் ஒரு தேமல். உள்ளங்கையில் பாதி இருக்கும். செம்மண்ணைக் கரைத்துப் பூசினாற்போல் நிறம், கோடு கிழித்த மாதிரி ஓரம், மேலே மெல்லிய செதில். அரிக்கவில்லை. அரித்திருந்தால் படர்தாமரை என்று ஏதாவது களிம்பைத் தடவிவிட்டுப் போயிருப்பாள். அரிக்காததுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. தாம்பரம் ஸ்டேஷன் மதிலில் மஞ்சள் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருக்கும், உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம் என்று. எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அவள் படித்துவரும் வாசகம். இத்தனை வருஷம் அது யாருக்கோ எழுதியதாக இருந்தது.

மார்ச்சில் பள்ளிக்கூடத்துக்குத் தொழுநோய்ப் பரிசோதனைக்கு வந்தார்கள். ப்ளஸ் ஒன் பெண்களை லேபில் வரிசையாக நிற்கவைத்து, ஒரு அம்மா முதுகு, கை, காது மடல் எல்லாம் பார்த்தாள். உடம்பில் வேறெங்காவது தேமல் உண்டா என்று கேட்டபோது, முன்னால் நின்றவர்கள் சொன்ன மாதிரியே தபீதாளும் இல்லை என்றாள். சொல்லிவிட்டு முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் கை அப்படியேதான் ஒட்டியிருந்தது.

வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டில் அந்த வியாதிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. துரை மாமா. அம்மா ரத்தினபாயின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணமாகாத வயதில் தெற்கே ஒரு தொழுநோயாளர் இல்லத்துக்குப் போனவர், குணமான பிறகும் திரும்பி வரவில்லை. வரச் சொல்லி யாரும் எழுதவுமில்லை. போன வருஷம் அக்கா ஹில்டாவுக்குத் திருச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி முடியப்போகிற நேரத்தில் துரை மாமாவின் விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது. ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. ஜெபித்துப் பார்த்தோம், கர்த்தருடைய சித்தம் வேறாக இருக்கிறது என்று மூன்று வரி. ஹில்டா அந்த வாரம் ஒரு நாள்கூட லீவு போடாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினாள்.

இப்போது கீழ்க்கட்டளைத் தயாளனோடு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை. துரை மாமாவைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவில்லை. மே மூன்றாவது வாரம் கல்யாணம். வருகிற ஞாயிறு சபைக் கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்கப்போகிறார்கள். மாமாவோடு நின்றது என்று நினைத்தது தங்கைக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்தால் அது குடும்ப ரத்தம் என்றாகிவிடும். அப்புறம் ஹில்டாவுக்கு எவன் வருவான்? இருபத்தாறு முடிந்துவிட்டது.

இதையெல்லாம் யோசித்து யோசித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டியூஷனுக்கு என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி மேற்குத் தாம்பரத்துக்குப் போனாள் தபீதாள். முடிச்சூர் ரோட்டில் மாடியில் தோல் டாக்டர் தோத்தாத்ரியின் கிளினிக். புறப்படுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தாள். டாக்டரிடம் அக்குளைக் காட்ட வேண்டும். அதுவும் ஆண் டாக்டர். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடை, தண்ணீர் தங்கம் மாதிரி. அப்படியும் ஒரு வாளியை முழுசாகக் காலி செய்து, துணி சோப்புப் போடுகிற மாதிரி தேய்த்து இரண்டு தடவை குளித்தாள். பவுடரும் போட்டுக்கொண்டாள்.

கிளினிக்கில் ஆயா வேலை பார்க்கும் அங்காளம்மாள் அவளைப் பார்த்ததுமே மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாம்மா, வாசன தூக்குது. பொண்ணு பாக்க வந்துகீறாங்களா?"

உள்ளே டாக்டர் அதிகம் பேசவில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சுத் திரியால் அங்கங்கே தொட்டு, தொட்டால் சொல்லு என்றார். கண்ணை மூடியதும் தபீதாளுக்கு உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. தொட்டபோது சும்மா இருந்தாள். தொடாதபோது தொட்டீங்க என்றாள். இரண்டு நிமிஷத்தில் டாக்டர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, பொருக்குகளை உற்றுப் பார்த்து, இது என்ன, நீயே குத்திக்கிட்டதா என்று கேட்டார். அவள் கையை இறக்கப் பார்த்தாள்.

அங்காளம்மாளை ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். கையடக்கமான ஒரு விளக்கு மங்கலான ஊதா நிறத்தில் எரிந்தது. அதை அக்குளுக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒட்டியிருந்த பவுடர்த் துகள் மட்டும் நீலமாக மினுங்கியது. வேறொன்றும் இல்லை. டாக்டர் 'ம்' என்றார்.

லைட்டைப் போட்டதும் கேட்டார், "இன்னைக்குக் குளிச்சியாம்மா?"

அழுக்கு என்று சொல்கிறாரோ என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டு தடவ குளிச்சேன் சார். சோப்பு போட்டுத் தேச்சுத்தான் வந்தேன்."

"கெடுத்த போ," என்று சிரித்தார் டாக்டர்.

பிறகு சொன்னது இவ்வளவுதான். அவருக்கு இது தொழுநோய் மாதிரித் தெரியவில்லை. தோல் மடிப்பில் வளருகிற ஒரு பாக்டீரியாவாக இருக்கலாம். அது தன் பாட்டுக்கு ஒரு பொருளைச் செய்து தோலில் விட்டுவைக்கும், இந்த விளக்கில் அது பவளச் சிவப்பாகத் தெரியும். ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும். கழுவிவிட்டு வந்தால் விளக்கில் என்ன தெரியும்? பஞ்சு சோதனையில் அவள் சொன்ன பதிலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் திங்கள் சாயங்காலம் வரை அந்த இடத்தில் தண்ணீர், சோப்பு, பவுடர் ஒன்றும் படக்கூடாது. திங்களன்று சிவப்புத் தெரிந்தால் மாத்திரையோடு போயிற்று. தெரியாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவார், தோலைக் கீறி எடுத்துப் பார்ப்பார்கள்; அதற்கு அப்பா அம்மா யாராவது வர வேண்டும். சீட்டில் 'பார்ஃபிரின்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது மேம்பாலப் படியில் கைகளில் துணி சுற்றிய ஒருவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்காக அவருடைய தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனவள் அன்றைக்கு முகத்தைப் பார்த்துவிட்டாள். அப்பாவின் வயதுதான் இருக்கும். யாரோ நன்றாக ஷேவ் செய்துவிட்டிருந்தார்கள். அவள் படியிறங்கி ஓடினாள்.

ராத்திரி இரண்டு மணிக்குத்தான் அவர்கள் தெருவின் அடிபம்பில் தண்ணீர் ஏறும். சேலையூர்ப் பக்கமெல்லாம் அந்த வருஷம் அப்படித்தான். குடங்கள் சாயங்காலமே வரிசையில் உட்கார்ந்துவிடும். அக்காவும் தங்கையும் முறை வந்து நின்றார்கள். மூன்றாவது குடத்தில் ஹில்டா கைப்பிடியைத் தங்கையிடம் நீட்டினாள்.

"நீ கொஞ்சம் அடி தபி. எனக்குத் தோள் விட்டுப்போச்சு."

"என்னால முடியாதுக்கா."

"ஏன், மகாராணிக்குக் கை வலிக்குதா?"

அடித்தால் கை மேலும் கீழும் போகும், வேர்க்கும், வேர்வையும் தண்ணீர்தானே என்று பயம். இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் இருட்டில் முகம் தெரியாமல் நிற்கும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, துரை மாமாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்குன்னு நினைக்கிறேன்."

பம்பு நின்றது. குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் குடத்துக்குள் சொட்டியது.

"எங்க?"

"கம்கட்டுல. இடது பக்கம்."

"அரிக்குதா?"

"இல்ல."

"ஓரம் எப்படி இருக்கு? செதிலா உதிருதா?"

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள் தபீதாள். டாக்டரிடம் போனது, குளித்துக் கெடுத்தது, திங்கட்கிழமை என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். பின்னால் நின்ற பெண்கள், என்னம்மா அங்கே கதை, சீக்கிரம் பிடி என்றார்கள். ஹில்டா குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு நடந்தாள். கேட்டைத் திறக்கும்போதுதான் பேசினாள்.

"திங்கக்கிழம போகாத. கல்யாணம் முடியட்டும்."

"இன்னும் நாலு வாரம் இருக்குக்கா."

"நாலு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது. போன வருஷம் மாதிரி இன்னொரு தடவ என்னால முடியாது தபி. சத்தியமா முடியாது."

தபீதாளுக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு நாள் பயந்ததை அக்கா ஒரே வாக்கியத்தில் நிஜமாக்கிவிட்டாள். பாயில் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்து குளித்துவிடலாம். எல்லாம் பழையபடி ஆகிவிடும். மதிலில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல் நடந்தால் போதும்.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் வெளிச்சம் தெரிந்தது. டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம். ஹில்டா எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி படித்தவள், படித்த நோட்டு ஒன்றையும் அவள் கடையில் போட்டதில்லை. தபீதாளைத் தட்டி எழுப்பி, டாக்டர் என்ன பெயர் சொன்னார் என்று கேட்டாள். சீட்டைப் பார்த்ததும் நேராக ஒரு பக்கத்தைப் புரட்டினாள். அது முழுக்க ஐங்கோணக் கட்டங்களாக இருந்தது. அம்மா அப்பா விழித்துக்கொள்ளாதபடி ஹில்டா கிசுகிசுத்தாள். டீச்சர் குரல் மட்டும் அதிலும் போகவில்லை.

"இங்க பாரு. எட்டுத் துண்டு. ரெண்டு ரெண்டா சேந்தா நாலு குட்டி வளையம். நாலும் கை கோத்தா ஒரு பெரிய வளையம். நடுவுல இரும்பு ஏறினா ஹீம், நம்ம ரத்தத்தோட சிவப்பு. மக்னீசியம் ஏறினா இலையோட பச்சை. கோபால்ட்டுன்னா பி-ட்வெல்வ்."

"பாக்டீரியாவுக்கு எதுக்குக்கா ரத்தம்?"

"ரத்தம் இல்லடி. நிறைய பாக்டீரியாவுக்கு மூச்சு விட ஹீம் வேணும், அத அதுவே செஞ்சுக்கும். முதல் துண்டு மட்டும் ஆளுக்கு ஒரு வழி. நாம கிளைசின்ல ஆரம்பிப்போம். பாக்டீரியால சிலது நம்ம மாதிரி, நிறைய செடி மாதிரி, குளூட்டமேட்ல. எங்க ஆரம்பிச்சாலும் வந்து சேர்ற துண்டு ஒண்ணுதான். அங்கேருந்து எல்லாருக்கும் ஒரே ரோடு."

விரல் பக்கத்தின் அடிவரை போய் ஒரு பெயரில் நின்றது. கோப்ரோபார்ஃபிரின். டாக்டர் சொன்ன பாக்டீரியா தேவைக்கு மேல் வளையம் செய்து குவித்துவிடும், இரும்பு ஏறாத மிச்சம் வெளியே கசியும், அதுதான் விளக்கில் சிவப்பாகத் தெரிகிற பொருள் என்று ஹில்டா கோர்த்துக் கோர்த்துச் சொன்னாள். வளையத்தைச் சுற்றி நாலு ஆசிட் தொங்குவதால் தண்ணீரில் கரையும், டாக்டர் சொன்னது சரிதான் என்றாள். அந்தப் பக்கத்தை ஒருமுறைக்கு மூன்று முறை படித்தாள். தபீதாளுக்காகப் படிக்கிற மாதிரி இல்லை. பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி படித்தாள்.

"அப்போ காலைல குளிக்கட்டுமா, வேண்டாமா?"

ஹில்டா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"குளிக்காத," என்றாள் கடைசியில்.

சனிக்கிழமை தபீதாளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் மின்விசிறிக்கு அடியில் வந்து நின்றாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. பத்து மணிக்கே வீடு தோசைக்கல். வேர்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்க அதிகமாக வேர்த்தது. கையைத் தூக்கினால் காற்றுப் பட்டுக் காயுமா, ஒட்டிவைத்தால் ஈரம் சேருமா, எது நல்லது என்று டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது: எட்டு, நாலு, ஒன்று. எட்டு, நாலு, ஒன்று. நேற்று வரை ஊசியால் குத்திச் சாகடிக்க நினைத்த கிருமியை இன்றைக்கு வேலை செய், வேலை செய் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். இராத்திரி படுத்ததும் அது தூங்குமா என்றுகூட யோசித்தாள்.

மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை பொரியல் வைத்தாள். தபீதாள் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். கீரையில் இரும்பு. இரும்பு போய் வளையத்தில் ஏறிவிட்டால்? ஏறினால் சிவப்புத் தெரியாதே.

"ஏட்டி, கீர என்ன பண்ணுச்சு ஒன்ன?" என்றாள் ரத்தினபாய். தாம்பரத்துக்கு வந்து இருபது வருஷமாகியும் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை.

விஷயம் புரிந்ததும் ஹில்டாவுக்குச் சோறு புரையேறியது. முற்றத்துக்கு ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தங்கையின் காதில், லூசு, அது அப்படி வேலை செய்யாது என்றாள். இரண்டு நாளில் தபீதாள் முதல்முறையாகச் சிரித்தாள். கீரையை மட்டும் சாப்பிடவில்லை.

குளிக்காததற்குத் தண்ணீர்ப் பஞ்சம் நல்ல சாக்காக இருந்தது, சனிக்கிழமை வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை அது செல்லாது. கோயிலுக்குப் போகிற நாளில் பிள்ளைகளுக்கு அம்மாவே சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிடுவாள். பதினாறு வயதானாலும் விலக்கு இல்லை. அதுவும் ஓலை வாசிக்கிற ஞாயிறு. காலை ஆறு மணிக்கு ரத்தினபாய் சீயக்காய்க் கிண்ணத்தோடு குளியலறை வாசலில் நின்றாள். ஹில்டா இடையில் புகுந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். நீங்க காப்பியைப் பாருங்கம்மா, நான் அவளுக்குத் தேய்த்துவிடுகிறேன் என்று தங்கையை இழுத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டாள்.

தபீதாளைக் குனிந்து நிற்கவைத்து, மடித்த துண்டு ஒன்றை இடது அக்குளில் திணித்து, கையை இறுக்கச் சொன்னாள். தலை கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. ஹில்டா சொம்பை நெற்றிப் பக்கமாகச் சரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சீயக்காய் கண்ணில் போனது. துடைக்க வலது கையைத் தூக்கியபோது உடம்பு சற்றுச் சாய்ந்துவிட்டது. ஒரு கோடு தண்ணீர் பிடரியிலிருந்து இடது தோளுக்கு இறங்கியது. அது எலும்பைத் தாண்டி முன்பக்கம் வருவது தபீதாளுக்கு ஊசியால் கோடு போட்ட மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள். ஹில்டா சொம்பைப் போட்டுவிட்டு, உள்ளங்கையை அணைபோல் வைத்து அந்தக் கோட்டை அங்கேயே நிறுத்தி, தன் நைட்டியால் ஒற்றி எடுத்தாள்.

"என்னட்டி விழுந்துச்சு?" என்று வெளியிலிருந்து அம்மாவின் குரல்.

"சொம்பும்மா," என்றாள் ஹில்டா.

கோயிலில் தபீதாள் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்தாள். சபை ஐயர் அறிவிப்புகளை வாசித்து வந்து, ஜெபசீலன், ரத்தினபாய் தம்பதியரின் மூத்த குமாரத்தி என்று தொடங்கியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று ஐயர் வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒருமுறை பார்த்தார். எல்லா ஓலைக்கும் அப்படித்தான் பார்ப்பார். தடை தன் இடது கைக்குள் இருக்கிறது என்று எழுந்து சொல்லிவிடுவோமோ என்று தபீதாள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள். ஹில்டாவும் இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, பெஞ்சின் விளிம்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்தே போனார்கள். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னார்கள். புறப்படுமுன் ஹில்டா ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் குளித்து, மடிப்புக் கலையாத காட்டன் புடவை கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் தபீதாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

அங்காளம்மாள் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னிக்கு கரீட்டா வந்துகீறே. போ, போ உள்ள."

ஜன்னல் சாத்தப்பட்டது. விளக்கு அணைந்தது. ஹில்டா மேசையோரம் நின்றாள். ஊதா விளக்கு சிட்டென்ற சத்தத்தோடு எரிந்தது. தபீதாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மனசுக்குள் எட்டு, நாலு, ஒன்று என்றாள்.

"பாரும்மா," என்றார் டாக்டர்.

அவள் பார்க்கவில்லை.

"உன் அக்கா பாக்கறாங்க. நீயும் பாரு."

கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்த இருட்டில், அவள் தோலிலிருந்தே, அடுப்புத் தணல் சாம்பலுக்குள் தெரிகிற மாதிரி, பவளச் சிவப்பு. தேமலின் ஓரம் எப்படியோ அப்படியே வரைந்திருந்தது. அவள் ஊசி குத்திய புள்ளிகள் மட்டும் கறுப்பாக இருந்தன. மூன்று நாளும் அது வேலை செய்திருக்கிறது. சனிக்கிழமையும், ஓலை வாசித்தபோதும், அவள் தூங்கியபோதும் எட்டை நாலாக்கி, நாலை ஒன்றாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தபீதாளுக்கு மூக்கிலிருந்து தண்ணீராக வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் சிவப்பு மறைந்துவிடும் என்று துடைக்காமல் நின்றாள்.

தொழுநோய்க்கு இந்தச் சிவப்புக் கிடையாது, ரெண்டு வாரம் மாத்திரை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"சார், லைட்டப் போடாதீங்க," என்றாள் ஹில்டா.

முந்தானையை இறக்கினாள். ரவிக்கையின் மேல் கொக்கிகளைக் கழற்றித் தோளைத் தளர்த்தி, வலது கையைத் தூக்கினாள். தபீதாள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹில்டா யாரையும் பார்க்கவில்லை.

"ஏழு மாசமா இருக்கு சார். யார்கிட்டயும் சொல்லல."

டாக்டர் விளக்கைக் கொண்டுபோனார். ஊதா வெளிச்சத்தில் தேமல் மங்கலான நிழலாகத்தான் தெரிந்தது. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

"எப்போ குளிச்சீங்க?"

"வர்றதுக்கு முன்னாடி. காட்டணும்னு நெனச்சு வரல சார்."

அங்காளம்மாள் இருட்டில் நின்றபடியே தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் லைட்டைப் போட்டுவிட்டுப் பஞ்சை எடுத்தார். ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள், தொடாதபோது பேசவில்லை. பத்துக்குப் பத்து. இரண்டு பேருக்கும் ஒரே துண்டு, ஒரே படுக்கை, அதனால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்திருக்கும், இதுவும் அதேதான் என்றார் டாக்டர். சீட்டில் இருவர் பெயரையும் எழுதினார்.

ஹில்டா ரவிக்கைக் கொக்கியைப் போட்டு முடித்தாள். பிறகு, "எனக்கு அந்தச் சிவப்பப் பாக்கணும் சார்," என்றாள்.

"பாக்காட்டியும் மாத்திர கேக்கும்மா. அதான் பஞ்சுல சரியா சொன்னீங்களே."

"அது நான் சொன்னது சார். தொட்டது தெரியணும்ங்கற ஆசையில சொல்லிக்கூட இருக்கலாம்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஏழு மாசம் நானும் குத்திப் பாத்துட்டேன். மாத்திர அப்புறம் சாப்பிடறேன். வியாழக்கிழம வரைக்கும் தண்ணி படாம வெச்சிருந்துட்டு வர்றேன்."

மேம்பாலத்தில் இருவரும் நடந்தார்கள். தபீதாளின் கை அதுபாட்டுக்கு வீசிக்கொண்டு வந்தது. அக்காவின் கைதான் விலாவோடு ஒட்டியிருந்தது. பாதிப் பாலத்தில், பம்படியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க வாயெடுத்தாள். கீழே ஒரு எலெக்ட்ரிக் ரயில் பீச் ஸ்டேஷனை நோக்கிக் கிளம்பியது. ஹில்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு அது போய் முடிகிற வரைக்கும் நின்றாள்.

மறுநாள் காலையில் ரத்தினபாய் முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். கீழ்க்கட்டளையிலிருந்து தயாளனின் அம்மா புடவை காட்ட வருகிறாள், பத்து மணிக்கு இங்கே இருப்பாள். கல்யாணப் பொண்ணு இன்னும் குளிக்காமல் வேர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஹில்டா தலைவலி என்றாள். தலைவலிக்குக் குளித்தால்தான் போகும் என்றாள் அம்மா. துண்டைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

ஹில்டா தங்கையைப் பார்த்தாள்.

தபீதாள் அந்தத் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளே இரண்டு வாளியும் ஒரு அண்டாவும் நிரம்பியிருந்தன. ராத்திரி முழுக்க நின்று பிடித்த தண்ணீர். முதல் சொம்பைத் தலையில் கவிழ்த்தாள். இரண்டாவதை, மூன்றாவதை. கையைத் தூக்கி அக்குளில் அப்படியே ஊற்றினாள். சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். இரண்டு வாளியும் காலியாகும்வரை மறுபடியும் மறுபடியும் ஊற்றினாள்.

"ஏட்டி, யாரு உள்ள? அக்கா குளிக்கணும், தண்ணிய வையி," என்று அம்மா கதவைத் தட்டினாள்.

"இதோம்மா," என்று சொல்லிவிட்டு, தபீதாள் அண்டாவில் சொம்பை விட்டாள். அடியில் இன்னும் நாலு சொம்பு இருக்கும்.